பாடு மாறும் என்று சொன்ன அக்கா

மணல்மேட்டு ஊற்றுக்குழியின் பக்கத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பவளாகத்தான் அக்கா முதலில் என் நினைவுக்கு வருகிறாள். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, கோட்டைக்குப்பத்தைத் தாண்டி இருக்கிறது. இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கமும் உப்பு. குடிக்கிற தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊறும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவதற்குள் கால் கடுத்துவிடும். அதனால் தினமும் அங்கே சண்டை. அக்கா வந்து நின்றால் சண்டை இருக்காது.

அவளை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவள் எனக்குச் சொந்தமும் இல்லை, அடுத்த வீட்டுக்காரி. ஊரே அக்கா என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். எளாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. குடத்தை வைத்துக்கொண்டு கடைசியில் நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போய்விடுவார்கள். ஒருநாள் அக்கா என் குடத்தைப் பிடுங்கி, எனக்கு உரிய இடத்தில் வைத்தாள்.

“ஏன்டி, ஒன் மொறையை நீ வுட்டுக் குடுத்தா அது தருமம்னு நெனச்சுக்கினியா? எவளோ ஒருத்தி அதை எடுத்துக்கினு போவா. நாளைக்கு அவளுக்கு அதே பழக்கமாப் பூடும். நில்லு இங்க.”

முறை. அவளுக்கு எல்லாமே அதுதான். ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஆனாலும், கோயிலில் கூழ் ஊற்றினாலும், யாருக்குப் பின் யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மாமியார் சாகக் கிடந்தபோது தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது. அக்கா குடத்தோடு ஊற்றுக்கு வந்தாள். பெண்கள் எல்லாரும் விலகி, “நீ மொதல்ல மொண்டுக்கினு போம்மா” என்றார்கள். அக்கா நகரவில்லை.

“இவ புள்ளையும் தொண்டை காஞ்சுதான் கீது. அவ மொண்டுக்கட்டும்.”

தண்ணீர் போய்ச் சேரும்வரை கிழவிக்கு உயிர் இருந்தது. ஆனால் குடித்துவிட்டு மருமகளைத் திட்டிய திட்டு எங்கள் வீட்டுச் சுவர்வரை கேட்டது. எனக்கு அன்றைக்கு அக்காவைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவளுக்கு ஒரே மகள். அம்மாவைப்போல உயரம், ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. சின்ன வயதில் கூழ் வரிசையில் நடுவே புகுந்ததற்காக அக்கா அவளைத் தரதரவென்று இழுத்துக் கடைசியில் நிறுத்தினாள். அந்தப் பெண் அழவில்லை. திரும்பிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது: “எமன் வந்தாக்கூட எங்கம்மா கடைசியில போய் நில்லுன்னு சொல்லும்.” ஊரே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

பாடு என்றால் என்ன என்று எனக்கு விளக்கியதும் அக்காதான். நான் பிறந்த பக்கம் விவசாயம், எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆண்கள் வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நான் அதைச் சூதாட்டம் என்று நினைத்திருந்தேன்.

“சூதாட்டமா? நல்லா சொன்னே போ. இங்க பாரு, ஏரியில எல்லா எடமும் ஒண்ணு கெடயாது. மொகத்துவாரத்து ஓடையில வலை கட்டினா எறா கொட்டும். அந்தாண்ட சேத்துல கட்டினா பாசிதான் வரும். வலை கட்டற எடத்தத்தான் பாடுன்றோம். இன்னிக்கு ஒனக்கு ஓடை, எனக்கு சேறுன்னா, அடுத்த தபா எனக்கு ஓடை, ஒனக்கு சேறு. பாடு மாறிக்கினே இருக்கும். சீட்டு இன்னா சொல்லும்? யாரு முன்ன, யாரு பின்னன்னு சொல்லும். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லன்னு சீட்டு சொல்லாது.”

அவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டாவது முறை கேட்டது டாக்டர்கள் வந்தபோது.

எழுபதுகளின் பாதி அது. மழைக்காலம் முடியும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் காலரா வரும். அதற்காக ஐப்பசி பிறந்ததும் சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளோடு படகேறி வருவார். ஊசி சார் என்போம். ஐஸ் போட்ட குடுவையிலிருந்து மருந்தை எடுத்து எல்லாருக்கும் போடுவார். கை வீங்கும், காய்ச்சல் வரும், திட்டுவோம். அடுத்த வருஷமும் வருவார், போட்டுக்கொள்வோம்.

ஒரு வருஷம் ஊசி சாருக்குப் பதிலாகக் கரையில் இரண்டு ஜீப் வந்து நின்றன. ஒன்று டெல்லியிலிருந்து வந்த ஆராய்ச்சி ஆபீசாம். இன்னொன்று மெட்ராஸ் சுகாதார ஆபீஸ். இரண்டு ஜீப்பில் வந்தவர்களும் ஒரே மோட்டார் படகில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தார்கள். இரண்டு ஆபீசும் சேர்ந்து செய்கிற வேலை இது, இப்படி நடப்பதே பெரிய விஷயம் என்று மெட்ராஸ்காரர் கோயில் முன்னால் நின்று சொன்னார். காலராவுக்கு ஒரு புது ஊசி. அது நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பாதி வீடுகளுக்கு அந்த ஊசி. மீதி வீடுகளுக்கு, பார்ப்பதற்கு அதைப்போலவே இருக்கிற வேறொரு ஊசி. அது காலராவைத் தடுக்காது. எந்த வீட்டுக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது.

ஆண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் வேறு. ஊசி என்றாலே வேட்டியை இறுக்கிக் கட்டினார்கள்.

“ஒர்த்தனுக்கு மருந்து, ஒர்த்தனுக்கு வெறும் தண்ணியா? இன்னா சார், நக்கலா?” என்றார் என் வீட்டுக்காரர்.

டெல்லி டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெட்ராஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கலையப் பார்த்தது. அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து அக்கா பேசினாள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண் பேசுகிற வழக்கம் கிடையாது.

“ஏன் எகிர்றீங்க? நீங்க ஏரியில பண்றதைத்தானே அவங்களும் பண்றேன்றாங்க. சீட்டு குலுக்கி இந்த வருசம் இவன் ஓடை, அவன் சேறு. அடுத்த தபா மாறும். எல்லாருக்கும் ஒரே நாள்ல போட மருந்து இல்ல போல. மொறை வச்சுக் குடுக்குறாங்க. அதுல இன்னா தப்பு?” பிறகு மெட்ராஸ்காரரைப் பார்த்துக் கேட்டாள். “அடுத்த தபா மாறும்ல சார்? இந்தத் தபா தண்ணி வந்தவங்களுக்கு மருந்து வரும்ல?”

அவருக்குப் பாடு தெரியாது. வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒரு பொம்பளை தன் பக்கம் பேசுகிறாள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

“வரும்மா, எல்லாருக்கும் வரும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பாடு என்றால் அவர்களுக்குத் தெரியாதா. அதற்கும் மறுத்த வீடுகளுக்கு அக்கா தானே போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மாறும், நான் கேட்டுட்டேன், சார் சொல்லிட்டார் என்று சொன்னாள். அடுத்த நாள் ஊற்றங்கரையில் நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்று ஊரையே வரிசையில் விட்டாள். தன் வீட்டை அவள் முன்னால் கொண்டுவரவில்லை.

போடுகிறவருக்குத் தெரியாவிட்டால் என்ன, எங்களுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. சில வீடுகளில் எல்லாரும் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் வீட்டில் குழந்தை உட்பட எல்லாருக்கும் கை வீங்கியது. அக்கா வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அவள் மகள் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தது.

“எங்களுக்கு சேறுதான் வந்துது. அடுத்த வருசம் ஒங்களுக்கெல்லாம் பாசி.”

அடுத்த வருஷம் வந்தது. ஊசி வரவில்லை. ஆராய்ச்சி ஆபீஸ் ஆள் ஒருவர் மட்டும் வாரம் தவறாமல் மோட்டார் படகில் வந்து, யாருக்காவது வயிற்றுப்போக்கா என்று வீடு வீடாகக் கேட்டார். மரியாதையான பையன். இருந்தால் ஒரு சின்ன பாட்டிலில் மலம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்வார். அக்கா அவரிடம் கேட்டாள்.

“எங்க மொறை எப்போ தம்பி?”

“ஊசி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. சுகாதார ஆபீஸ்ல கேளுங்க.”

அக்கா பழவேற்காட்டுக்குப் படகேறிப் போய் சுகாதார ஆபீஸ்காரரைக் கேட்டாள். உங்க குப்பம் இப்போ ஆராய்ச்சிக்காரங்க கையில் இருக்கிறது, நாங்கள் உள்ளே வரக் கூடாது என்று இரண்டு ஆபீசும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறோம், அவர்களைக் கேள் என்றாராம். அக்கா திரும்பி வந்து, “பேசிக்கினுதான் கீறாங்க. லேட் ஆவுது, அவ்ளோதான்” என்று எல்லாருக்கும் சொன்னாள்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் பழைய ஊசி சார் வந்தார். எங்கள் ஊருக்கென்று வரவில்லை. வேறு குப்பத்தில் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் இறங்கினார். அக்கா வீட்டு வாசலில் குந்தித் தண்ணீர் கேட்டார். நான் என் வாசலில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“யம்மா, நாலஞ்சு பேருக்கு மருந்து மீந்து கீது. கொண்டுபோனா குப்பையிலதான் கொட்டணும். ஒங்க வூட்டுக்குப் போட்டுட்டுப் போறேன். யாராண்டயும் சொல்லாதீங்க. இந்த ஊருக்குப் போடக் கூடாதுன்னு ஆர்டர்.”

மகள் அப்போதே ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டது. தை மாசம் அதற்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

“போட்டுட்டுப் போவட்டும் யம்மா. எறும்பு கடிச்சாப்ல தானே.”

அக்கா அந்த ரவிக்கைக் கையை இழுத்துக் கீழே விட்டாள்.

“நாலஞ்சு பேருக்குன்னா மீதிப் பேருக்கு? தண்ணி ஊசி போட்டுக்கினவங்க இந்த ஊர்ல எத்தினி வூடு கீது. அவங்களை வரிசையில நிக்க வச்சது நானு. இப்ப திருட்டுத்தனமா என் வூட்டுக்கு மட்டும் போட்டுக்கவா?”

“யம்மா, மழை புடிக்கப் போவுது. தண்ணி கலங்கும். ஒனக்குத் தெரியாததா?”

“வெளி ஊசி போட்டுக்கினா ஆராய்ச்சி கெட்டுடும், ஊர்ப் பேரையே லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுவோம்னு அந்தத் தம்பி சொல்லிக் கீது சார். அப்புறம் எங்க மொறையே வராது. நீங்க போங்க. எங்களுக்கு வரும்.”

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே மருந்து வந்தாயிற்று என்று தலையாட்டினேன். குடுவையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகை மழையில் ஏரி ஊருக்குள் வந்தது. ஊற்றுக்குழி இருக்கிற இடமே தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு காலரா வந்தது, முதலில் ஒரு குழந்தைக்கு, பிறகு அக்கா மகளுக்கு.

விடிந்ததிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. காலைக் கஞ்சி நேரத்துக்குள் அந்த உயரமான பெண் சுருங்கிவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ஆராய்ச்சி ஆபீஸ் ஆள் வருகிற நாள். மோட்டார் படகுச் சத்தம் கேட்டதும் அக்கா தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பையன் வீட்டுக்குள் வந்து பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. பாட்டிலை எடுத்தான், பாயிலிருந்து மலம் எடுத்தான், மூடினான், ஐஸில் வைத்தான்.

“ஏத்திக்கினு போ தம்பி. கரையில ஒங்க ஜீப் கீதே, பொன்னேரிக்கு வுட்டுடு.”

“நோயாளியை ஏத்தக் கூடாதும்மா. பெட்டியில மத்த ஊர் சாம்பிள் எல்லாம் இருக்கு, கலந்துடும். வைத்தியம் சுகாதார ஆபீஸ் வேலை. அவங்க படகு இருக்கு. கரைக்குப் போனதும் அனுப்பச் சொல்றேன். இது மத்தியானத்துக்குள்ள மெட்ராஸ் போகணும், இல்லன்னா கெட்டுப்போயிடும்.”

“இன்னா கெட்டுடும்?” என்று அக்கா கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

மோட்டார் படகு போயிற்று. அக்கா வீட்டுக்காரர் பாய்ப் படகில் மகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்று. நானும் ஏறினேன், தலையை மடியில் வைத்துக்கொண்டேன். “நைனா, இன்னும் எவ்ளோ தூரம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி ஏரியில் கேட்பது நின்றுவிட்டது. நாங்கள் கரை சேர்ந்தபோது சுகாதார ஆபீஸ் படகு டீசலுக்காகக் கட்டிக் கிடந்தது. பாட்டிலில் போன மலம் அதற்கு வெகுநேரம் முன்னாலேயே மெட்ராஸ் வழியில் மீஞ்சூரைத் தாண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு ஆபீசும் சேர்ந்து வந்தன. ஒருவர் ஊற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார். இன்னொருவர் எந்தெந்த வீட்டில் சாவு என்று கேட்டார். எல்லாமே ஊசிக்குக் காய்ச்சல் வராத வீடுகள். டெல்லி டாக்டர் மெட்ராஸ்காரரின் காதில் ஏதோ சொன்னார். டெல்லிக்காரர் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்கா அன்றைக்கு அழவில்லை, சண்டை போடவில்லை. நான் எதிர்பார்த்தேன், ஊரே எதிர்பார்த்தது. அவள் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் செத்த குழந்தையின் அம்மா நின்றாள். தன் முறை வந்ததும் மெட்ராஸ்காரரிடம் கேட்டாள்.

“மீதிப் பேருக்காவது எப்போ வரும் சார்?”

“வரும்மா” என்றார் அவர்.

பிறகு வருஷங்கள் போயின. வாரம் வருகிற பையன் நின்றுபோனான். ஊசி சார் மறுபடி வர ஆரம்பித்தார். அவர் போடுவது பழைய ஊசி. அக்கா அதைப் போட்டுக்கொள்வாள். ஆனால் சட்டை போட்ட வேறு ஆள் யார் படகிலிருந்து இறங்கினாலும் கிட்டே போய் அதே கேள்வியைக் கேட்பாள். பசங்கள் கிண்டல் செய்யத் தொடங்கின. கரையில் போலீஸ்காரர் இறங்கினால்கூட, “பெரிம்மா, ஒன் மொறை வந்துட்ச்சு, ஓடு” என்று கத்தும்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். ஆராய்ச்சி முடிந்ததாம். ஒத்துழைத்த குப்பங்களுக்கு நன்றி சொல்ல இரண்டு ஆபீசும் சேர்ந்து வந்திருந்தன. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அக்கா துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. டம்ளர் கொடுத்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர், நன்றாகத் தமிழ் பேசினாள். அக்கா டம்ளரை வாங்காமல் அதே கேள்வியைக் கேட்டாள்.

அந்தப் பெண் மட்டும்தான் பொய் சொல்லவில்லை. அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

“அப்படி மாத்திப் போடறது இதுல கிடையாதும்மா. சீட்டு ஒரே தடவைதான். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் இல்ல. கடைசிவரைக்கும் அப்படியேதான்.”

“மாத்தாத சீட்டை எதுக்குக் குலுக்கினாங்க?”

“யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாம இருக்கத்தான். மருந்து போடாதவங்க எத்தனை பேருக்கு நோய் வருதுன்னு தெரிஞ்சாத்தான், போட்டவங்களை மருந்து காப்பாத்திச்சான்னு சொல்ல முடியும்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அப்போ எங்க வூட்டுக்கு வருதான்னுதான் வாரா வாரம் வந்து பாத்துக்கினு இருந்துச்சா, அந்தத் தம்பி?”

டாக்டர் பெண் கையில் இருந்த டம்ளரை மேசைமேல் வைத்தாள், பிறகு எடுத்தாள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஆள், “வாங்கிக்கினு நகரும்மா, நேரமாவுது” என்றான். அக்கா நகர்ந்தாள்.

அக்கா ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். காய்ச்சல் வராத ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள்: “நான் சொன்னது தப்பு. மொறை கெடயாதாம். ஒரே தபாதானாம்.” முக்கால்வாசிப் பேருக்கு என்ன விஷயம் என்றே நினைவில்லை. ஒருத்தி உட்காரச் சொல்லி டீ போடப் போனாள். ஒருவர், “இன்னுமா அதைப் புடிச்சுக்கினு தொங்கறே, போய்ப் படு” என்றார். செத்த குழந்தையின் அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வாசலில் என் மகள் தலை பின்னிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கை வீங்கி அழுத குழந்தை, இப்போது கல்யாண வயசு. அக்கா எங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது.

“பெரிம்மா, எல்லா வூட்லயும் இன்னமோ சொல்லிக்கினு வர்றியே. எங்களுக்கு இன்னா?”

அக்கா நின்றாள். என் மகளின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு இன்னாத்தச் சொல்றது. ஒங்களுக்குத்தான் வந்துட்ச்சே” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீடு அவளுடையது.